அறிக்கையில் இல்லாத ஒன்பதாவது ஆள்

இம்கே ஹார்ம்ஸும் நானும் பதினேழு வருடம் எதிரெதிர் மேசையில் உட்கார்ந்து வேலை பார்த்தோம். ப்ரேமனில், ஆற்றங்கரையில் இருந்த பழைய காப்பிக் கிடங்கின் மூன்றாவது மாடியில் எங்கள் அலுவலகம். நாங்கள் ஒரு சொற்செயலியை உருவாக்கினோம். அது கடிதம் தட்டுகிறவர்களுக்கானது அல்ல. அகராதி தொகுப்பவர்கள், பழைய கையெழுத்துப் படிகளைப் பதிப்பிப்பவர்கள், சட்ட நூல் எழுதுகிறவர்கள் ஆகியோருக்கானது. நான் நிரல் எழுதுகிறவன். திரையில் எது எங்கே இருக்க வேண்டும், எதை அழுத்தினால் என்ன நடக்க வேண்டும் என்று முடிவு செய்வது இம்கேயின் வேலை. அவள் வரைந்து கொடுப்பாள், நான் அதை ஓட வைப்பேன்.

வேலையில் அவளைக் குறை சொல்ல முடியாது. இரண்டு பொத்தான்களுக்கு இடையே ஒரு புள்ளி கூடிவிட்டால்கூட அவளுக்குச் சாப்பாடு இறங்காது. பேச்சும் அப்படித்தான். வானொலியில் செய்தி வாசிப்பவர்களைப் போல, எந்த ஊரின் சாயலும் இல்லாத சுத்தமான ஜெர்மன். அலுவலகத்தில் பலர் அவளை ஹானோவர்க்காரி என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு மட்டும் தெரியும். ஒருமுறை மேசைக் காலில் முழங்காலை இடித்துக்கொண்டபோது, பிளாட் என்கிற எங்கள் வடகடற்கரைப் பேச்சில் ஒரு கெட்ட வார்த்தை அவள் வாயிலிருந்து விழுந்தது. என் தாத்தா மீன்பிடித் துறையில் பேசிய அதே வார்த்தை. நான் நிமிர்ந்து பார்த்தேன். அவள் முகம் சிவந்துவிட்டது.

அவள் பிறந்தது குக்ஸ்ஹாஃபன், கடற்கரையில் ஒரு மீன்பிடித் துறைமுக ஊர். அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். அம்மா மீன் கூடத்தில் முப்பத்தொரு வருடம் முள் நீக்கித் துண்டு போட்டவர். அம்மாவிடமிருந்து அலுவலகத்துக்குத் தொலைபேசி வந்தால் இம்கே தாழ்வாரத்துக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டுதான் பேசுவாள். மகள் வேலை செய்கிற இடத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று அந்த அம்மாவுக்கு ஆசை. அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று இம்கே தள்ளிக்கொண்டே வந்தாள். ஒரு ஜனவரியில் அவர் இறந்துபோனார். அடக்கத்துக்கு நான் போயிருந்தேன். மீன் கூடத்திலிருந்து நான்கு பெண்கள் கறுப்பு மேலங்கியில் வந்திருந்தார்கள். இம்கே எழுந்து நின்று சுத்தமான ஜெர்மனில் நன்றி சொன்னபோது அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இதையெல்லாம் முதலிலேயே சொல்வதற்குக் காரணம், இது தெரியாவிட்டால் அவள் பிறகு செய்தது வெறும் அலட்சியமாகத் தோன்றிவிடும். அது அலட்சியம் இல்லை.

எங்கள் வாடிக்கையாளர்கள் பல வருடமாக ஒன்றைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு பழைய ஆவணத்தைத் தட்டும்போது ஒரு சொல் ஊர்ப்பெயராக இருக்கலாம். அதே சொல் பிற்காலத்தில் வேறொரு கையால் எழுதிச் சேர்க்கப்பட்டதாகவும் இருக்கலாம். போதாததற்கு மை கலைந்து, சரியாக வாசித்தோமா என்ற ஐயமும் இருக்கலாம். இந்த மூன்றுக்கும் மூன்று பாணிகள் உண்டு: ஊர்ப்பெயருக்கு நீலம், வேற்றுக் கைக்கு அடிக்கோடு, ஐயத்துக்குச் சாம்பல் பின்புலம். ஆனால் எங்கள் மென்பொருளில் ஒரு சொல்லுக்கு ஒரு பாணிதான். இரண்டாவதைப் போட்டால் முதலாவது ஓடிவிடும். ஒன்றன்மேல் ஒன்றாக எத்தனை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளட்டும் என்று கடைசியில் முடிவு செய்தோம். உள்ளே இருக்கும் நிரலை நான் ஒரு குளிர்காலத்தில் முடித்துவிட்டேன். திரையில் காட்டுவதுதான் பாடாக இருந்தது. ஒரு சொல்லின்மேல் என்னென்ன அடுக்குகள் இருக்கின்றன, அவற்றில் ஒன்றை மட்டும் உரித்தெடுப்பது எப்படி? இம்கே ஏழு மாதம் வரைந்து வரைந்து கிழித்தாள்.

முடிவில் வந்தது இதுதான். வலப்பக்கம் ஒடுக்கமான ஒரு பெட்டி. அதில் எல்லாப் பாணிகளின் பெயர்களும் வரிசையாக இருக்கும். சொல்லைத் தொட்டால் அதன்மேல் இருக்கும் பாணிகளுக்கு நேரே ஒரு சிறு டிக் விழும். அடியில் ஒரே ஒரு பொத்தான்: 'பாணியை நீக்கு'.

"இத அழுத்தினா எல்லாமே போயிடுமா?" என்று கேட்டேன்.

"ஆமா. ஒண்ணு மட்டும் போகணும்னா மேல டிக்கை எடுத்தா போதும்."

"அறுபது பாணி இருக்கிற பட்டியல்ல தேடிப் பிடிச்சா? எல்லாம் பொத்தானத்தான் அழுத்துவாங்க, இம்கே. அட்லீஸ்ட் 'பாணிகளை'ன்னாவது போடேன்."

"அகலம் பத்தல. ரெண்டு வரியா ஒடையும். பாக்க சகிக்காது."

நான் தோளைக் குலுக்கிவிட்டு அப்படியே எழுதிக் கொடுத்தேன். அரை நாள் வேலை.

மே மாதம் ஆட்களை வைத்துச் சோதித்தோம். ஒருவழிக் கண்ணாடி போட்ட அறை. உள்ளே இம்கேயும் சோதனைக்கு வந்தவரும் இருப்பார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் குறிப்பெடுத்துக்கொண்டிருப்பேன். என்னுடன் எங்கள் பிரிவின் தலைவர் டெட்லெஃப் ரான், விற்பனைப் பகுதியிலிருந்து இரண்டு பேர். ஒன்பது பேர் வருவதாக ஏற்பாடு. முதல் எட்டுப் பேரும் பல்கலைக்கழகம், பதிப்பகம் என்று பழகிய ஆட்கள். இடறினார்கள், ஆனால் சமாளித்துவிட்டார்கள்.

ஒன்பதாவதாக வந்தவர் தெடா உகேனா. எம்டனுக்கு வடக்கே ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. ஐம்பத்தாறு வயது. அந்தப் பகுதியின் வரலாற்றுச் சங்கம் அவர் பெயரைக் கொடுத்திருந்தது. முந்நூறு வருடத்துக்கு முந்தைய கடலணைப் பதிவேடுகளை, எந்தக் குடும்பம் அணையில் எத்தனை அடியைப் பராமரிக்க வேண்டும் என்று எழுதிய பெரிய பெரிய புத்தகங்களை, அவர் வாசித்துத் தட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கோணல் எழுத்தைச் சரளமாக வாசிக்கக்கூடியவர்கள் அந்த மாவட்டத்தில் மொத்தம் மூன்று பேர். இரண்டு ரயில் மாறி வந்திருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளை மேற்சட்டை, தோளில் துணிப்பை.

பத்து நிமிடத்தில் மூன்று அடுக்கையும் சரியாகப் போட்டுவிட்டார். டெட்லெஃபே, "பரவால்லையே," என்றார். அடுத்து இம்கே சொன்னாள்: "இப்ப இந்தச் சொல்ல நீங்க சரிபாத்துட்டீங்கன்னு வெச்சுக்குங்க. ஐயக் குறிய மட்டும் எடுத்துடுங்க."

தெடா பட்டியலைப் பார்த்தார், பொத்தானைப் பார்த்தார், அழுத்தினார். நீலம், அடிக்கோடு, சாம்பல் எல்லாம் போய்ச் சொல் வெறுமனே நின்றது.

"அட, எல்லாம் எங்கிட்டுப் போச்சு?" என்றார், அப்படியே பிளாட்டில். "நான் மேல கெடந்த ஒண்ணத்தான எடுக்கச் சொன்னேன்?"

டெட்லெஃப் என் பக்கம் திரும்பி, "கோட்டக் கழட்டச் சொன்னா, அம்மா குளிக்கவே போயிட்டாங்க," என்றார். விற்பனைக்காரர்கள் வெடித்துச் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன்.

உள்ளே இம்கேயின் கழுத்து சிவந்தது. "பரவால்ல, இது சோதனைக்காக வெச்சது," என்றாள். "வெளியிடுறப்ப சரியா இருக்கும். கவலப்படாதீங்க."

அப்படி ஒரு முடிவும் எடுக்கப்படவில்லை. அவரை அமைதிப்படுத்த அவள் வாயில் வந்த ஒன்று, அவ்வளவுதான்.

தெடா தலையாட்டினார். பிறகு இம்கேயை உற்றுப் பார்த்துச் சிரித்தார். கரைப்பேச்சில் எல்லோரும் 'நீ'தான். "ஆமா, நீ நம்ம கரைப் பக்கத்துப் பொண்ணா? நீ 'பரவால்ல'ங்கறப்பவே நெனச்சேன்."

"இல்லீங்க," என்றாள் இம்கே, செய்தி வாசிக்கும் குரலில். "நான் ப்ரேமன்தான்."

தெடாவின் சிரிப்பு மெதுவாக மடங்கியது. "ஓ. மன்னிச்சுக்குங்க," என்று அவரும் பள்ளிக்கூட ஜெர்மனுக்கு மாறிக்கொண்டார். அதன்பிறகு கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார். போகும்போது அவருக்கு எங்கள் சின்னம் போட்ட ஒரு கோப்பையும், மென்பொருளின் ஒரு பிரதியை இலவசமாகப் பயன்படுத்தும் உரிமையும் கொடுத்தோம்.

அவர் போனதும் இம்கே எங்கள் அறைக்குள் வந்தாள். டெட்லெஃப் தன் ஜோக்கை மறுபடி சொன்னார். அவள் சிரித்தாள். சிரித்ததோடு நிற்கவில்லை. தலையைச் சாய்த்து, கையை இடுப்பில் வைத்து, "அட, எல்லாம் எங்கிட்டுப் போச்சு?" என்று செய்து காட்டினாள். குரலின் ஏற்றம், இழுவை, உதட்டுக் குவிப்பு எல்லாம் அச்சு அசல். விற்பனைக்காரர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். அது அவளுக்கு அவ்வளவு நன்றாக எப்படி வருகிறது என்று யாரும் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். நான் என் குறிப்பேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு நாள் கழித்து இம்கேயின் அறிக்கை வந்தது. 'எட்டுப் பேரில் எட்டுப் பேரும் பணியை முடித்தனர்.' என் குறிப்பில், "ஒன்பதாவது ஆள்: பொத்தான் ஒன்றை மட்டும் நீக்கும் என்று நினைத்தார், பெயர் அப்படித்தான் சொல்கிறது" என்று எழுதியிருந்தேன். அந்த வரியின்மேல் கோடு. பக்கத்தில் இம்கேயின் சின்னஞ்சிறு கையெழுத்து: 'இவர் நம் பயனர் வகையைச் சேர்ந்தவர் அல்ல.'

நான் அதைப் பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை. இதை எந்த அழகான சொல்லாலும் மூட முடியாது.

மென்பொருள் செப்டம்பரில் வெளிவந்தது. பொத்தான் அப்படியே இருந்தது. ஒரு பத்திரிகை வலப்பக்கப் பெட்டியின் அழகைத் தனியாகப் பாராட்டி எழுதியது. இம்கே அந்தப் பக்கத்தை வெட்டி மேசை விளக்கில் ஒட்டிவைத்திருந்தாள்.

அதற்கடுத்த வருடம் நவம்பரில் ஒரு கடிதம் வந்தது. உறைமேல் 'திருமதி ஹார்ம்ஸ் அவர்களுக்கு' என்று பேனாவால் எழுதியிருந்தது. இம்கே இரண்டு தடவை வாசித்துவிட்டு மேசைக்கு மேலாக என்னிடம் நீட்டினாள்.

தெடா எழுதியிருந்தார். பதிவேட்டின் பதினான்கு அத்தியாயங்களையும் தட்டி முடித்துவிட்டாராம். மூன்று வருட வேலை. ஐயம் இருந்த இடங்களையெல்லாம் மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தபின், ஐயக் குறிகளை மட்டும் எடுத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறார். வண்ணங்கள் கண்ணை உறுத்துவதால், வண்ணம் மறைத்துக் காட்டும் வாசிப்புத் தோற்றத்தில் வைத்து, ஒவ்வோர் அத்தியாயத்தையும் முழுசாகத் தேர்ந்தெடுத்துப் பொத்தானை அழுத்திச் சேமித்திருக்கிறார். பதினான்கு அத்தியாயமும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில். பதினொரு நாள் கழித்து வண்ணத் தோற்றத்துக்கு மாற்றினால் எல்லாம் ஒரே கறுப்பு. எது ஊர்ப்பெயர், எது வேற்றுக் கை என்ற ஓர் அடையாளமும் மிச்சமில்லை. தனிப் பிரதி என்று வைத்திருந்ததன்மேலும் அதே கோப்பைப் பதிந்துவிட்டிருக்கிறார்.

கடைசியில் இப்படி எழுதியிருந்தார்: 'வெளியிடும்போது சரியாக இருக்கும் என்று நீங்கள் அன்றைக்குச் சொன்னீர்கள், அதனால் தவறு என்னுடையதாகத்தான் இருக்கும். எனக்குக் கணினி வராது என்று அன்றே தெரிந்துவிட்டது. திரும்பப் பெற வழி உண்டா? இல்லையென்றால் பரவாயில்லை. தொந்தரவுக்கு மன்னிக்கவும்.'

"மன்னிக்கவும்னு எழுதியிருக்காங்க, ஹைகோ," என்றாள் இம்கே என்னிடம்.

அப்போதாவது அவள் சரியானதைச் செய்தாள் என்று சொல்ல ஆசைதான். செய்யவில்லை. உதவிப் பிரிவிலிருந்து வழக்கமாகப் போகும் பதில் ஒன்று உண்டு: 'சேமிக்கப்பட்ட மாற்றங்களை மீட்க இயலாது. தங்கள் புரிதலுக்கு நன்றி.' அதையே அனுப்பச் சொன்னாள். அடியில் அவள் பெயர்கூட இல்லை.

அதன்பிறகு மூன்று வாரம் அவளால் வேலை செய்ய முடியவில்லை. வரைவாள், நிறுத்துவாள், சன்னலைப் பார்ப்பாள். விளக்கில் ஒட்டியிருந்த பத்திரிகைத் துண்டு ஒருநாள் காணாமல் போயிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மதியம் என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நாளைக்கு எம்டன் போறேன். நீயும் வர்றியா? அவங்க கம்ப்யூட்டர்ல பழைய ஃபைல் ஏதாவது மிச்சமிருக்கும். உனக்குத் தேடத் தெரியும்."

"அதுக்காக மட்டும்தானா?"

"இல்ல," என்றாள். "தனியாப் போக பயமா இருக்கு."

தெடாவின் வீடு அணைக்குச் சற்று உள்ளே, செங்கல் வீடு. அவர் எங்களைச் சமையலறையில் உட்கார வைத்துத் தேநீர் ஊற்றினார். கோப்பையில் இருந்த கற்கண்டு சூடான தேநீர் பட்டு விரிசல் விடும் சத்தம் கேட்டது. பிறகு தெடா, "உங்க நேரத்த வீணாக்கிட்டேன். ஆபீஸ்ல இருந்துதான் பதில் வந்துடுச்சே," என்றார். 'நீங்க', 'உங்க' என்று அத்தனையும் பள்ளிக்கூட ஜெர்மன்.

நான் கணினியைத் திறந்து தேட ஆரம்பித்தேன். முதுகுக்குப் பின்னால் இம்கேயின் குரல் கேட்டது. அத்தனை வருடத்தில் அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. கேலிக்காக இல்லாமல், தன் சொந்தப் பேச்சாகப் பிளாட்டில் பேசிக்கொண்டிருந்தாள்.

"தப்பு உன்னது இல்ல. அந்தப் பொத்தான் அப்படித்தான். நான்தான் அப்படி வெச்சேன். அன்னிக்கே நீ சொன்ன. சரியாகும்னு நான் சொன்னது பொய். யாருகிட்டயும் நான் பேசவே இல்ல. அறிக்கைலருந்து உன் பேர அடிச்சிட்டேன்."

தெடா கரண்டியைக் கீழே வைத்தார்.

"அப்ப நீ கரைக்காரிதான்."

"குக்ஸ்ஹாஃபன். எங்கம்மா மீன் கூடத்துல இருந்தாங்க."

"அன்னிக்கு ஏன் இல்லன்ன?"

இம்கே கோப்பையைத் தள்ளி வைத்தாள். "கண்ணாடிக்கு அந்தாண்ட ஆளுங்க இருந்தாங்க."

"தெரியும்," என்றார் தெடா. "சிரிச்சது கேட்டுச்சு."

நான் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டேன். அன்று கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர்களில் நானும் ஒருவன் என்று அவருக்குத் தெரியாது. சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

"வீட்டுக்கு வர்ற வழில ரயில்ல உக்காந்து என்ன நெனச்சேன் தெரியுமா?" என்றார் தெடா. "ஐம்பத்தாறு வயசுல இந்த வெள்ளச் சட்ட போட்டுட்டு உனக்கு எதுக்குடி இந்த வேலைன்னு நெனச்சேன். எம் மககிட்ட எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதுன்னு சொன்னேன். ஒன்றரை வருஷமா எனக்கு மண்டை இல்லன்னு நெனச்சுக்கிட்டு இருந்திருக்கேன். நீ அங்க உக்காந்துக்கிட்டு தெரிஞ்சே இருந்திருக்க."

"ஆமா," என்றாள் இம்கே.

"லெட்டர் போட்டதுக்குக்கூட உன் பேரு போட்டுப் பதில் எழுத முடியல உனக்கு."

"முடியல."

"நானும் இருந்தேன்," என்றேன். "கண்ணாடிக்குப் பின்னால. சிரிச்சதுல நானும் ஒருத்தன்."

தெடா என்னைப் பார்த்தார். கோபம்கூட இல்லை, பள்ளிக்கூடத்தில் தட்டை நீட்டும் பிள்ளைகளைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை. "நீ தேடுற வேலயப் பாரு," என்றார்.

தேடினேன். முதல் நான்கு அத்தியாயங்களின் பழைய வடிவம், அவர் ஒரு சமயம் சங்கத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பியது, கிடைத்தது. மற்ற பத்தும் போனது போனதுதான்.

அதைச் சொன்னதும் இம்கே, "மிச்சத்த நான் போட்டுத் தர்றேன். சனிக்கிழம சனிக்கிழம வர்றேன்," என்றாள்.

"அந்த எழுத்த உனக்கு வாசிக்கத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்பறம்?"

"நீ சொல்லு. நான் போடுறேன்."

தெடா யோசித்தார். எழுந்துபோய் ஐந்தாம் அத்தியாயத்தின் முதல் பக்கத்தின் படத்தை எடுத்து வந்தார். மேசையில் இருந்த ரொட்டித் துணுக்குகளைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். "சரி. உக்காரு. 'உப்லெவார்ட்', ஊர்ப்பேரு. அடுத்த சொல்லு வேற கை. அதுக்கடுத்தது ஊர்ப்பேரு, வேற கை, ரெண்டும்."

இம்கே சுட்டியை எடுத்தாள். அவள் வடிவமைத்த பெட்டியில் அவள் அதுவரை ஒரு முழுப் பக்கம்கூட வேலை செய்ததில்லை. மாதிரிக்கு வைத்த மூன்று வரிகள்தான் அவள் உலகம். சொல்லைத் தேர்ந்தெடு, பட்டியலில் கீழே இறங்கித் தேடு, டிக் போடு. மறுபடி மேலே ஏறித் தேடு, டிக் போடு. அடுத்த சொல்லுக்குப் போனால் பட்டியல் மறுபடி தலைப்பில் வந்து நிற்கும். ஒவ்வொரு சொல்லுக்கும் இந்தப் பாடு. இரண்டு தடவை தவறான சொல்லில் போட்டாள். அதை எடுக்கப் போய்க் கை பழக்கத்தில் பொத்தான் பக்கம் போனது, சட்டென்று இழுத்துக்கொண்டாள். நான் பார்த்தேன். தெடாவும் பார்த்தார்.

ஒரு பக்கம் முடிய இரண்டே கால் மணி நேரம் ஆனது.

"ரொம்ப மெதுவா இருக்க," என்றார் தெடா.

"இந்தப் பெட்டி மோசமா இருக்கு," என்றாள் இம்கே. நெற்றி வியர்த்திருந்தது. "நீ எப்படிப் பதினாலு அத்தியாயம் போட்ட?"

"எனக்குத்தான் மண்டை இல்லன்னு நெனச்சுக்கிட்டுப் போட்டேன்."

இம்கே அழுதாள். தெடா தேற்றவில்லை. எழுந்து பாத்திரம் கழுவப் போனார். கழுவிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னார்: "சனிக்கிழமயெல்லாம் வர வேணாம். தட்டுறதுக்கு எங்க பள்ளிக்கூடத்துல ஒருத்தி இருக்கா, உன்னவிட வேகம். நீ அந்தப் பொத்தானச் சரி பண்ணு. வேற எவளாவது இருப்பா எங்கயாவது, என்னய மாதிரி."

திங்கட்கிழமைக் கூட்டத்தில் இம்கே பழைய அறிக்கையைத் திரையில் போட்டாள். கோடு போட்ட என் குறிப்போடும், பக்கத்தில் இருந்த தன் கையெழுத்தோடும். நடந்ததையெல்லாம் சொன்னாள். தன் அம்மாவைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. செய்து காட்டி எல்லோரையும் சிரிக்க வைத்ததைச் சொன்னபோது விற்பனைக்காரர்கள் தரையைப் பார்த்தார்கள்.

டெட்லெஃப் கெட்டவர் இல்லை. "சரி, பொத்தான மாத்துவோம்," என்றார் உடனே. "ஆனா இத இவ்வளவு விரிவா எழுதி வைக்கணுமா? ஒன்பது பேர்ல ஒருத்தர் வழுக்குறது எங்கயும் நடக்கிறதுதானே, இம்கே?"

"வழுக்கினது அவங்க இல்ல," என்றாள் அவள். "எழுதி வைக்கணும்."

அறிக்கையோடு ஒரு பக்கம் சேர்த்தாள்: 'ஒன்பதாவது ஆள் சொன்னது சரி. அவரை நீக்கியது நான். அதற்குத் தொழில்முறைக் காரணம் எதுவும் இல்லை.' அடியில் முழுப் பெயர். எங்கள் நிறுவனத்தில் இப்படிப்பட்ட ஒரு பக்கம் அதற்குமுன் இருந்ததில்லை. வசந்தத்தில் வடிவமைப்புக் குழுவின் பொறுப்பை அவளைவிட இளைய ஒருவருக்குக் கொடுத்தார்கள். தண்டனை என்று யாரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. அதே மேசையில், குழுவின் ஓர் உறுப்பினராக வேலையைத் தொடர்ந்தாள்.

பெட்டியை அடியோடு மாற்றினோம். இப்போது சொல்லைத் தொட்டால் அதன்மேல் கிடக்கும் அடுக்குகள் மட்டும் பட்டை பட்டையாக, மேலே இருப்பது மேலேயும் அடியில் இருப்பது அடியிலுமாகத் தெரியும். ஒவ்வொரு பட்டைக்கும் சொந்தமாக ஒரு நீக்கும் குறி. எல்லாவற்றையும் நீக்குவது வேறு இடத்தில், இரண்டு வரியில் உடைந்த பெயரோடு: எத்தனை சொற்களிலிருந்து எத்தனை அடுக்குகள் போகும் என்று எண்ணிக்கை சொல்லி, சம்மதம் கேட்டுவிட்டுத்தான் செய்யும். வண்ணம் மறைத்த தோற்றத்திலும் அடுக்குகள் உள்ள வரிகளின் ஓரத்தில் ஒரு மெல்லிய கோடு நிற்கும். பார்க்க முன்புபோல அழகாக இல்லை. வேலை நடக்கிறது. இம்கே அதைத் தானே நாற்பது பக்கம் தட்டிப் பார்த்தபின்தான் என்னிடம் கொடுத்தாள். எங்கள் ஊர் ஆவணக் காப்பகத்திலிருந்து பழைய கப்பல் பட்டியல்களை வாங்கி வந்து, மாலை நேரங்களில் அந்தக் கோணல் எழுத்தைப் படிக்க வகுப்புக்கும் போனாள்.

மறுசோதனைக்கு தெடாவை அழைத்துக் கையால் ஒரு கடிதம் எழுதினாள். பதில் வரவில்லை. மூன்று மாதம் கழித்து இன்னொன்று எழுதினாள். அதற்கும் இல்லை. அணைப் பதிவேடு இரண்டு வருடம் கழித்துப் புத்தகமாக வந்தது. சங்கம் எண்பது பிரதி போட்டது. இம்கே ஒன்று வாங்கினாள். முன்னுரையில் நன்றி சொல்லியிருந்த பெயர்களில் பள்ளிக்கூடத்துத் தட்டச்சுக்காரி இருந்தார், கண் மருத்துவர்கூட இருந்தார். நாங்கள் இல்லை.

"இருந்திருந்தாத்தான் எனக்குத் தாங்கியிருக்காது," என்றாள் இம்கே.

ஒரு விஷயம் மட்டும் அவளிடம் மாறவே இல்லை. எவ்வளவு பழசானாலும் இதை ஒரு வேடிக்கைக் கதையாக அவள் சொல்ல மாட்டாள். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு அந்த ஒரு பக்கத்தைப் படிக்கக் கொடுத்துவிட்டு, அவர்கள் வாசித்து முடிக்கும்வரை அறையை விட்டு வெளியே போய் நிற்பாள். வருடங்கள் ஆகியும் வாசிப்பவர்களின் முகத்தைப் பார்க்க அவளால் முடியவில்லை.

தெடா ஒரே ஒரு முறை தொலைபேசியில் அழைத்தார், ஒரு பிப்ரவரி காலையில். இம்கே எங்கள் எல்லோர் முன்னாலும், மேசையில் உட்கார்ந்தபடியே, பிளாட்டில் பேசினாள்.

"புதுசு வந்துருக்குன்னு எம் மக போட்டுக் குடுத்தா," என்று அந்தப் பக்கத்திலிருந்து கேட்டது. அவர் குரல் அவ்வளவு உரக்க இருந்தது. "பட்டையெல்லாம் சரிதான். ஆனா எழுத்து ரொம்பப் பொடிசு. கண்ணாடி போட்டாலும் தெரியல. யாரு வெச்சது?"

"நான்தான்."

"மாத்து," என்றுவிட்டு வைத்துவிட்டார்.

இம்கே அதை ஒரு தாளில் எழுதி, நாளும் நேரமும் குறித்து, தெடா உகேனா என்று முழுப் பெயரையும் போட்டு என் பக்கம் தள்ளினாள். அந்த வாரத்திலேயே எழுத்தை இரண்டு அளவு பெரிதாக்கினோம்.